பழைய பாய்லரை எப்போது மாற்றுவது? நெய்வேலி முதல் அனல் மின் நிலையத்தின் 58 வருஷக் கணக்கு

ஓடாமல் நின்றுபோன இயந்திரத்தை மாற்றுவதில் குழப்பம் ஒன்றும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை எந்த நாளில் நிறுத்துவது என்பதுதான் கஷ்டமான கேள்வி. வீட்டில் இருக்கும் பழைய கெய்சரில் ஆரம்பித்து, ஒரு மாநிலத்துக்கே கரண்ட் கொடுக்கும் பாய்லர் வரைக்கும் இதே கேள்விதான். சீக்கிரம் மாற்றினால் காசு வீண். லேட்டாக மாற்றினால் செலவு வேற மாதிரி வரும், சில நேரம் உயிராகவே வரும்.

இந்தக் கேள்விக்கு நல்ல உதாரணம் ஒன்று எங்க ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நான் இருப்பது திருவதிகை, பண்ருட்டியை ஒட்டி, கெடிலக்கரையில். இங்கேயிருந்து நெய்வேலி டவுன்ஷிப் பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான். அங்கே இருந்த முதல் அனல் மின் நிலையம் 1962இல் ஓட ஆரம்பித்து 2020இல் நிறுத்தப்பட்டது. நடுவில் ஒரு முறை ஆயுள் நீட்டிப்பும் நடந்தது. எப்போது பழுது பார்த்தார்கள், எப்போது நீட்டித்தார்கள், எப்போது மாற்றினார்கள் என்று கொஞ்ச நாளாக எடுத்து வைத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த நிலையத்தைப் பற்றி

நெய்வேலி லிக்னைட் நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டது. அடுத்த வருஷம் மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961இல் மண்ணுக்கு அடியில் இருந்த லிக்னைட் படிவத்தைத் தொட்டார்கள். 1962 மே மாதம், சோவியத் ஒத்துழைப்போடு கட்டிய முதல் யூனிட் ஓடியது. 1970க்குள் 50 மெகாவாட் யூனிட் ஆறு, 100 மெகாவாட் யூனிட் மூன்று, மொத்தம் 600 மெகாவாட். நிறுவனத்தின் சொந்தத் தேவை போக மிச்சம் முழுவதும் தமிழ்நாட்டு மின்வாரியத்துக்குத்தான் போனது.

லிக்னைட்டைத் தமிழில் பழுப்பு நிலக்கரி என்கிறோம். இதில் பாதிக்குப் பாதி தண்ணீர். ஒரு கிலோ எரித்தால் சுமார் 2,600 கிலோ கலோரிதான் கிடைக்கும். அதிலும் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். அதனால்தான் லிக்னைட் பாய்லரின் உலை, அதே அளவு கரண்ட் கொடுக்கும் நிலக்கரி பாய்லரைவிடப் பெரிசாக இருக்கும். உலையிலிருந்து சூடான புகையையே கொஞ்சம் இழுத்துவந்து, அரைக்கும் மில்லுக்குள் விட்டு லிக்னைட்டைக் காயவைத்துத்தான் எரிக்க வேண்டும்.

எஃகுக்கு எப்படி வயசாகிறது

பாய்லர் என்றால் ஒரு பெரிய குண்டான் என்று நினைத்துவிடக் கூடாது. அது ஆயிரக்கணக்கான டியூப்கள், அவை வந்து சேரும் தடித்த குழாய்களான ஹெட்டர்கள், மேலே தண்ணீரையும் நீராவியையும் பிரிக்கும் டிரம் எல்லாம் சேர்ந்த ஒன்று. இவை எல்லாவற்றுக்கும் ஒரே வேகத்தில் வயசாகாது. இங்கேதான் விஷயம் இருக்கிறது.

முதல் வகைத் தேய்மானம் வெளியே தெரிவது. புகையோடு வரும் சாம்பலும் மணலும் டியூபை உரசி உரசி மெலிதாக்கும். தண்ணீர் சரியில்லை என்றால் உள்பக்கம் உப்பு படியும், துருப்பிடிக்கும். படிவு இருக்கும் இடத்தில் டியூப் அதிகமாகச் சூடேறும்.

இரண்டாவது, நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதால் வருவது. சூடாகும்போது விரிவதும் ஆறும்போது சுருங்குவதும் ஆயிரம் தடவை நடந்தால், கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பது போலத் தடித்த பாகங்களில் விரிசல் விழும்.

மூன்றாவதுதான் மோசமானது. பொறியாளர்கள் இதை கிரீப் என்பார்கள். சுமார் 400 டிகிரி செல்சியஸுக்கு மேலே, அழுத்தத்தில் இருக்கும் எஃகு மிக மிக மெதுவாக நீண்டுகொண்டே இருக்கும். உள்ளே எஃகின் பரல்களுக்கு நடுவில் கண்ணுக்குத் தெரியாத பொத்தல்கள் உண்டாகும். அவை வரிசையாகச் சேரும், பிறகு விரிசலாகும். வெளியிலிருந்து பார்த்தால் குழாய் புதுசு மாதிரியே இருக்கும். வெப்பநிலை கூடக்கூட இது மிக வேகமாகக் கூடும். வடிவமைத்த அளவைவிடத் தொடர்ந்து பத்துப் பதினைந்து டிகிரி கூட ஓட்டினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கைக்கணக்கு.

நாவுக்கரசரை ஏழு நாள் நீற்றறையில் அடைத்தும் ஒன்றும் ஆகாமல் வெளியே வந்த கதை எங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். எஃகுக்கு அந்த வரம் கிடையாது. சூட்டில் இருந்த ஒவ்வொரு மணி நேரமும் அதன் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.

அதனால் பாய்லரின் வயசை வருஷத்தில் எண்ணுவதைவிட மணியில் எண்ணுவது சரி. பழைய பாய்லர்களின் சூடான பாகங்களைப் பொதுவாக ஒரு லட்சம் மணி நேரத்துக்கு என்று கணக்குப் போட்டுத்தான் வடிவமைத்தார்கள். வருஷத்துக்கு 7,000 மணி ஓடியது என்று வைத்துக்கொண்டால் 14 வருஷத்தில் அது முடிந்துவிடும். 1962இல் தொடங்கிய யூனிட் 1992இல் இரண்டு லட்சம் மணியைத் தாண்டியிருக்கும். அப்படியென்றால் அன்றைக்கே வெடித்திருக்க வேண்டாமா? இல்லை. வடிவமைப்பில் நிறைய இடம் விட்டுத்தான் செய்திருப்பார்கள். அந்த இடத்தில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதுதான் கேள்வி.

மிச்ச ஆயுளை எப்படிப் பார்க்கிறார்கள்

1863இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தியாவில் பாய்லரைச் சோதிப்பதற்கு என்று சட்டம் வர ஆரம்பித்தது. 1923இல் நாடு முழுமைக்குமான பாய்லர் சட்டமும், 1950இல் அதன் விதிமுறைகளும் வந்தன. வருஷா வருஷம் சோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது பொது விதி. வயசான பாய்லருக்குத் தனி விதி இருக்கிறது. அதிகச் சூட்டில் ஓடும் பாய்லர் ஒரு லட்சம் மணியைத் தொட்டால், அதன் மிச்ச ஆயுளைச் சோதித்தாக வேண்டும்.

அந்தச் சோதனையில் என்ன செய்வார்கள்? டியூபின் தடிமனைக் கேளா ஒலியால் அளப்பார்கள். வெல்டிங் இணைப்புகளில் சாயம் தடவியும் காந்தப் பொடி தூவியும் விரிசல் தேடுவார்கள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது நகல் எடுப்பது. ஹெட்டரின் ஒரு இடத்தைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றி, அமிலம் தடவி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை ஒட்டி எடுப்பார்கள். எஃகின் பரல் அமைப்பு அப்படியே அச்சாக அதில் வந்துவிடும். அதை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், பொத்தல் தனித்தனியாக இருக்கிறதா, வரிசை கட்டிவிட்டதா, விரிசலாகிவிட்டதா என்று தெரியும். தனித்தனி என்றால் இன்னும் சில வருஷம் ஓட்டலாம், கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். விரிசல் என்றால் உடனே மாற்ற வேண்டும்.

எது பழுதாகிறது என்பதும் முக்கியம். ஒரு டியூப் ஓட்டையானால் யூனிட்டை நிறுத்தி, அந்தத் துண்டை வெட்டிப் புதுசு வைத்து, சில நாளில் ஓட்டிவிடலாம். தொல்லைதான், ஆனால் தாங்கலாம். ஹெட்டரோ முக்கிய நீராவிக் குழாயோ பிளந்தால் பக்கத்தில் நிற்கும் ஆளுக்குத் தப்பிக்க நேரமே இருக்காது. எத்தனை தடவை ரிப்பேர் வந்தது என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு எடுக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

நெய்வேலியில் நடந்த வரிசை

1992 மார்ச்சில், சூடான, அழுத்தம் கூடிய பாகங்களுக்கு வயசாகிவிட்டது என்று ஆயுள் நீட்டிப்புத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. வேலை 1999 மார்ச்சில் முடிந்தது. இன்னும் 15 வருஷம் ஓடும் என்றார்கள். கூட்டிப் பார்த்தால் 2014.

மாற்று நிலையத்துக்கு, அதாவது 500 மெகாவாட் யூனிட் இரண்டு கொண்ட புதிய அனல் மின் நிலையத்துக்கு, ஒப்புதல் கிடைத்தது 2011 ஜூன். அதன் முதல் யூனிட் வணிக உற்பத்திக்கு வந்தது 2019 டிசம்பர். இரண்டாவது 2021 பிப்ரவரி. பழைய நிலையம் படிப்படியாக நிறுத்தப்பட்டு 2020 செப்டம்பரோடு முழுக்க நின்றது.

இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. நீட்டித்த ஆயுள் 2014இல் முடிகிறது. மாற்று வருவதோ 2019 கடைசியில். நடுவில் ஐந்தாறு வருஷம், மிச்ச ஆயுள் சோதனை செய்து செய்துதான் பழையதை ஓட்டினார்கள். காரணமும் இருந்தது. 2012இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று மறந்திருக்க மாட்டீங்க. அந்த நேரத்தில் 600 மெகாவாட்டை யார் நிறுத்துவார்கள்?

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான். ஒப்புதலிலிருந்து முதல் யூனிட் ஓடுவதற்கே எட்டரை வருஷம் ஆகியிருக்கிறது. அப்படியென்றால் 2014க்குள் மாற்று வேண்டும் என்றால் 2005, 2006இலேயே முடிவு எடுத்திருக்க வேண்டும். அன்றைக்குப் பழையது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது, நீட்டிப்பு முடிந்து ஆறேழு வருஷம்தான் ஆகியிருந்தது. மாற்றும் முடிவு, மாற்றத் தேவையில்லை என்று தோன்றும் காலத்திலேயே எடுக்க வேண்டிய முடிவு. சங்கடமே அதில்தான்.

எரிபொருள் கணக்கு

பாதுகாப்பை ஒதுக்கி வைத்துவிட்டு லிக்னைட்டை மட்டும் பார்ப்போம். கட்டணம் நிர்ணயிக்க மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2009இல் வைத்த அளவுகளில், முதல் அனல் மின் நிலையம் ஒரு யூனிட் கரண்டுக்கு 4,000 கிலோ கலோரி எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் நிலையம் 2,900. 2003இல் ஓட ஆரம்பித்த முதல் நிலைய விரிவாக்கம் 2,750.

ஒரு யூனிட் கரண்ட் என்பது 860 கிலோ கலோரிக்குச் சமம். ஆக, பழைய நிலையத்தின் திறன் 21.5 சதவீதம். ஐந்தில் நாலு பங்குச் சூடு காற்றோடும் தண்ணீரோடும் போய்விடுகிறது. விரிவாக்க நிலையத்துக்கு 31 சதவீதம்.

இதை லிக்னைட்டாக மாற்றினால், ஒரு யூனிட் கரண்டுக்குப் பழையதில் 1.54 கிலோ, 2003ஆம் வருஷத்து அளவில் 1.06 கிலோ. வித்தியாசம் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. சின்னதாகத் தெரியும். 600 மெகாவாட், வருஷத்தில் 70 சதவீதம் ஓடுகிறது என்று வைத்தால் சுமார் 368 கோடி யூனிட். அதற்கு மட்டும் வருஷத்துக்கு 17 லட்சம் டன்னுக்கு மேல் கூடுதலாக எரிக்க வேண்டும். ஒரு டன் லிக்னைட் எடுக்க ஐந்து கன மீட்டர் மண்ணை அள்ளுகிறார்கள் என்று வைத்தால்கூட கிட்டத்தட்ட 90 லட்சம் கன மீட்டர் மண். படிவத்தின் தடிமன் சராசரி 15 மீட்டர் என்றால் வருஷத்துக்கு சுமார் 25 ஏக்கர் நிலம். பழைய பாய்லரின் திறன் குறைவுக்கு விலை 25 ஏக்கர். இது என்னுடைய தோராயக் கணக்குதான், ஆனால் அளவு புரியும்.

நெய்வேலியைச் சுற்றி நிலம் என்பது வெறும் எண் இல்லை. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக, விளைந்து நின்ற நெல்வயலில் இயந்திரங்களை இறக்கியதை டிவியில் எல்லோரும் பார்த்தோம்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். புது நிலையம் 600 இல்லை, 1,000 மெகாவாட். 2003 அளவிலேயே, அதே 70 சதவீதம் ஓடினால் வருஷத்துக்கு 65 லட்சம் டன் வேண்டும். பழையதற்கு வேண்டியது சுமார் 57 லட்சம் டன். ஆக, யூனிட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மிச்சமானாலும், மொத்தத்தில் எரிப்பது குறையவில்லை, கூடுகிறது. மிச்சம் பிடித்ததைக் கூடுதல் கரண்டாக எடுத்துக்கொண்டோம். அது தப்பு என்று சொல்லவில்லை, கரண்ட் தேவைதான். ஆனால் புது இயந்திரம் வந்தால் நிலத்தின்மேல் இருக்கும் நெருக்கடி குறையும் என்று தானாக முடிவு கட்டிவிட முடியாது.

வயசு மட்டுமே ஆபத்து இல்லை

இதை எழுதும்போது 2020ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த வருஷம் மே 7ஆம் தேதி இரண்டாம் அனல் மின் நிலையத்தின் ஆறாவது யூனிட் பாய்லரில் வெடிப்பு. ஜூலை 1ஆம் தேதி அதே நிலையத்தின் ஐந்தாவது யூனிட்டில் மறுபடியும். ஜூலையில் அன்றைக்கே ஆறு பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்களில் மேலும் பலர் அடுத்து வந்த நாட்களில் சிகிச்சையில் இறந்தார்கள். நிரந்தரத் தொழிலாளரும் இருந்தார்கள், ஒப்பந்தத் தொழிலாளரும் இருந்தார்கள். எங்க பக்கத்து ஊர்களில் பல குடும்பங்கள் அந்த வாரம் ஆஸ்பத்திரி வாசலில்தான் இருந்தன.

அந்த இரண்டு யூனிட்டும் 1990களின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. முதல் நிலையத்தைவிட முப்பது வருஷம் இளசு. ஜூலையில் வெடித்தபோது ஐந்தாவது யூனிட் மின் உற்பத்தியில்கூட இல்லை, மறுபடி ஓட்டத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். ஆகவே கிழட்டு பாய்லர் ஆபத்து, இளசு பாதுகாப்பு என்று பிரித்துவிட முடியாது. லிக்னைட் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள். தேங்கி நிற்கும் இடத்தில், நிறுத்தும்போதும் ஓட்ட ஆரம்பிக்கும்போதும், அதற்குத் தனிக் கவனம் வேண்டும். புது பாய்லர் வாங்கினாலும் அந்தக் கவனத்தை வாங்க முடியாது. அது ஆட்களிடமும் நடைமுறையிலும் இருக்க வேண்டியது.

எப்படி மாற்றினார்கள்

பழையதை இடித்துவிட்டு அதே இடத்தில் புதுசு கட்டவில்லை. புதுசைத் தனியாகக் கட்டி, பழையதைப் படிப்படியாக நிறுத்தினார்கள். லிக்னைட் ஏற்கெனவே இருக்கும் சுரங்கங்களிலிருந்து. 2011இல் ஒப்புதல் ஆன மதிப்பு 5,907 கோடி ரூபாய். 2021 பிப்ரவரியில் கோவையில் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தபோது சொன்ன தொகை சுமார் 8,000 கோடி. கரண்டில் 65 சதவீதத்துக்கு மேல் தமிழ்நாட்டுக்கு. அதாவது முன்பு 600 மெகாவாட் நிலையத்திலிருந்து வந்ததைவிடக் கொஞ்சம் அதிகம்.

மாற்றும் நேரத்தில்தான் வகையையே மாற்றும் வாய்ப்பும் வரும். ரிப்பேர் செய்யும்போது அந்த வாய்ப்பு இல்லை. அனல் நிலையத்துக்கு 25 வருஷம் பயனுள்ள ஆயுள் என்பது ஆணையத்தின் கணக்கு. லிக்னைட்டுக்குப் பதிலாக லிக்னைட்டையே தேர்ந்தெடுத்ததால், 2040களின் நடுப்பகுதி வரைக்கும் அந்தச் சுரங்கமும் ஓடியாக வேண்டும். பாய்லரைத் தேர்ந்தெடுக்கும்போது அதற்குத் தீனி போடும் நிலத்தையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

நம்ம வீட்டுக்கு வந்தால்

இவ்வளவு படித்த பிறகு வீட்டுக் கெய்சரைப் பார்த்தால் சில விஷயம் தெளிவாகிறது.

திறன் குறைந்துவிட்டது என்று கெய்சரை மாற்றத் தேவையில்லை. 25 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 58க்கு ஏற்ற 750 கிலோ கலோரி, அதாவது 0.87 யூனிட். புதுசிலும் அதேதான், பழசிலும் அதேதான். கரண்டில் சூடாக்குவதில் வீணாவது அநேகமாக இல்லை. தொட்டியில் சும்மா நின்று ஆறும் சூட்டில்தான் வித்தியாசம். அதைக் குளிக்கப் போகும் முன்னால் போட்டு, உடனே அணைத்தாலே பாதி சரியாகிவிடும். வீணாவதெல்லாம் வீட்டுக்கு வெளியே, மின் நிலையத்தில். அதே 0.87 யூனிட்டுக்குப் பழைய நிலையத்தில் 1.3 கிலோ லிக்னைட், புது அளவில் 0.9 கிலோ.

பாய்லர் மாதிரியே இதிலும் மாற்றக்கூடிய பாகம், மாற்ற முடியாத பாகம் என்று பிரித்துப் பாருங்க. காயில் போனால் மாற்றலாம். தெர்மோஸ்டாட் போனால் மாற்றலாம். உள்ளே ஆனோடு என்று ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கும். தொட்டிக்குப் பதிலாக அது அரிபட்டுக் கரையும். போர் தண்ணீர் வீடுகளில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையாவது அதைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. தொட்டியே கசிந்தால் ஒட்டுப்போடாதீங்க. அது ஹெட்டர் மாதிரி, கதை முடிந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே பிரஷர் வால்வு. தெர்மோஸ்டாட் வேலை செய்யாமல் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தால், அழுத்தத்தை வெளியே விட இருக்கும் முக்கியமான வழி அதுதான். உப்பு படிந்து அடைத்துக்கொண்டால் கெய்சருக்கு ரெண்டு வயசானாலும் ஆபத்துதான். சொட்டுகிறதே என்று சிலர் அதை மூடி போட்டு அடைப்பதைப் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் செய்யாதீங்க.

நாள் குறிப்பது பற்றி நான் வைத்திருக்கும் முறை இதுதான். வாங்கிய வருஷத்தை ஒரு ஸ்டிக்கரில் எழுதிக் கெய்சரிலேயே ஒட்டிவிடுவது. எட்டு வருஷம் ஆனதும், நன்றாக ஓடினாலும், அடுத்தது என்ன வாங்குவது, சோலார் வைக்க மாடியில் இடம் இருக்கிறதா, எவ்வளவு ஆகும் என்று விசாரித்து வைத்துக்கொள்வது. அப்படிச் செய்தால், மார்கழி மாசம் விடியற்காலையில் தொட்டி ஒழுகும்போது கடையில் கண்ணில் பட்டதை வாங்கிவர வேண்டியிருக்காது. நெய்வேலிக்கு எட்டரை வருஷம் தேவைப்பட்டது. நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.